சார் முடியாதுன்னுட்டார்

அவரை எல்லோரும் 'ஆகட்டும் டெய்லர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. ஆனால் எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்று தலையாட்டுகிற மனிதருக்கு இன்னொரு பெயர் எதற்கு என்று தெருவே முடிவு செய்துவிட்டது. நாளைக் காலையில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு இன்று மாலை துணியைக் கொண்டுவந்து போட்டால், ஆகட்டும். எங்கேயோ தைத்த கால்சட்டையை எங்கேயோ கிழித்துக்கொண்டு வந்து, "உங்க தையல் விட்டுப்போச்சு" என்று சண்டைக்கு நின்றால், அதுவும் ஆகட்டும். பக்கத்துக் கடைக்காரர் தன் கடையில் இடமில்லை என்று மூன்று ஓட்டை மின்விசிறிகளை இவர் கடையில் கொண்டுவந்து வைத்தார். அவை காற்றா தந்தன? நடக்கும்போதெல்லாம் முழங்காலில் இடித்தன. அதற்கும் ஆகட்டும்தான்.

ஒரே ஒரு நேரத்தில் மட்டும் அவர் வேறு ஆள். கழுத்தில் கிடக்கும் நாடாவை உருவினார் என்றால் எதிரே நிற்பவர் போலீஸ் அதிகாரியாக இருந்தாலும் சரி, "கையத் தூக்குங்க. மூச்ச இழுக்காதீங்க. அசையாதீங்கன்னு சொன்னேன்ல" என்பார். அதிகாரியும் கையைத் தூக்கிக்கொண்டு, பிடிபட்டவர் மாதிரி நிற்பார். இதை யாரும் பெரிதாக நினைத்ததில்லை. அவரும் நினைத்ததில்லை.

அவர் கடையின் பின்சுவரை ஒட்டி நீளமாக ஒரு இரும்புக் கம்பி உண்டு. அவர் மனைவி அதற்கு 'வராதவங்க கம்பி' என்று பேர் வைத்திருந்தாள். விஷயம் இதுதான். மனிதர்கள் இருக்கிற உடம்புக்கு மட்டுமா துணி தைக்கிறார்கள்? இனி ஆகப்போகிற உடம்புக்கும் தைப்பார்கள். வங்கியில் வேலை பார்க்கும் காசாளர் வந்து, "நாளையிலருந்து ஓடப்போறேன் டெய்லர், இடுப்புல ரெண்டு இஞ்ச் குறைச்சிடுங்க" என்றார். அவர் ஓடவும் இல்லை, கால்சட்டையைத் தேடி வரவும் இல்லை. சிரிச்ச முகமாக ஆகப்போகிறேன் என்று பளீர் மஞ்சளில் ஒரு சுடிதார் தைக்கச் சொன்ன டீச்சர், அதே உர்ரென்ற முகத்தோடு கடையைத் தாண்டிப் போகிறார். கடைப் பக்கம் திரும்புவதில்லை. இன்னொருவர் சிகரெட்டை விடப்போவதாகச் சொல்லி எல்லாச் சட்டையிலும் பையைப் பிரித்து எடுக்கச் சொன்னார். அவர் மட்டும் திரும்பி வந்தார், பையை மறுபடி வைத்துத் தைக்க. இப்படி, முடிவெடுத்து, அளவு கொடுத்து, வந்தே சேராத மனிதர்களின் துணிகளெல்லாம் அந்தக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன.

இந்தக் கம்பியைத் தினமும் தட்டித் துடைக்கிற மனிதருக்கே அந்தப் புத்தி வந்தது என்றால் விதியை என்ன சொல்ல!

வீட்டுக் கதையைச் சொன்னால்தான் இது புரியும். கடைக்கு மேலே மாடியில் வீடு. ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு குளியலறை, கதவு வைத்த ஒரே ஒரு அறை. அந்த அறையில் டெய்லரின் அண்ணன் இருந்தார். அண்ணன் தன் பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவர். சண்டைக்குக் காரணம் வாசல் கேட். அவருக்குப் பச்சை அடிக்க வேண்டும், அந்த அம்மாவுக்கு நீலம். "முடியாது" என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு கிளம்பி வந்தார். "பத்தே பத்து நாள்டா தம்பி, அவளுக்குப் புத்தி வந்ததும் போயிடுவேன்" என்றார். தம்பி ஆகட்டும் என்றார். அப்போது டெய்லரின் மகள் மூன்றாம் வகுப்பு. இப்போது பள்ளியின் கடைசிப் பரீட்சை எழுதப்போகிறாள். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பார்களே, அதை அண்ணன் கட்டிலில் படுத்தபடியே செய்து முடித்திருந்தார்.

டெய்லரும் மனைவியும் மகளும் கூடத்தில், ஃபிரிட்ஜுக்கும் துணி மூட்டைக்கும் நடுவில் படுத்தார்கள். அறைக்குள் அண்ணனின் டிவி அலறும். அதனால் மகள் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து படித்தாள். அந்த வீட்டில் அவள் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரே இடம் அதுதான். யாருக்காவது அவசரம் என்றால் கதவைத் தட்ட வேண்டும். "இந்தப் பாடம் முடியட்டும்மா" என்று உள்ளிருந்து குரல் வரும். வேதியியல் நாளில் வீடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

ஒருநாள் மனைவி டெய்லரைக் கடையிலேயே வைத்துப் பிடித்தாள்.

"என்னங்க, பரீட்சை நெருங்குது. புள்ளை ஈரத் தரையில கால வச்சு வச்சு, கால் விரலெல்லாம் புண்ணாப் போச்சு. அடுத்த மாசம் ஒண்ணாந்தேதிக்குள்ள அந்த ரூம் அவளுக்கு வேணும். உங்க அண்ணன்கிட்ட நீங்கதான் சொல்லணும். இல்லேன்னா நானும் அவளும் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவோம். பரீட்சை முடிஞ்சாலும் வரமாட்டோம்."

"ஆகட்டும்" என்றார் டெய்லர்.

"எதுக்கு ஆகட்டும்? சொல்றதுக்கா, நாங்க போறதுக்கா?"

அவருக்கே தெரியவில்லை. மனைவி அவரைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் கண் கலங்கிப் படியேறிப் போய்விட்டாள். அண்ணன் முன்னால் போய் நின்று பேசுவதை நினைத்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிற ஆள் டெய்லர். பூனைக்கு மணி கட்ட எலியைப் போகச் சொன்னால் எலி என்ன செய்யும்?

அந்த வாரம்தான் வாழ்க்கைப் பயிற்சி வகுப்பு நடத்துகிற அம்மா கடைக்கு வந்தார். டெய்லர் முகம் தொங்கிக் கிடப்பதைப் பார்த்துவிட்டுக் காசில்லாமல் ஒரு வகுப்பு எடுத்தார்.

"யாரா ஆகணும்னு மொதல்ல முடிவு பண்ணுங்க டெய்லர். அப்புறம் அந்த ஆளுக்கு என்ன வேணுமோ அத இப்பவே தயார் பண்ணி வைங்க. அவரு தானா வந்து சேருவாரு."

அதிகாலையில் எழுந்து உடற்பயிற்சி செய்து இளைக்கப்போகிறேன் என்று இந்த அம்மாவே இறுக்கித் தைக்கச் சொன்ன ஜாக்கெட் பின்னால் அந்தக் கம்பியில்தான் தொங்கியது. டெய்லர் அதைச் சொல்லவில்லை. சொல்கிற ஆளா அவர்?

ஆனாலும் பேச்சு மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. யாராக ஆக வேண்டும்? யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 'முடியாது' என்று சொல்கிற ஆளாக ஆக வேண்டும். அந்த ஆளுக்கு என்ன வேண்டும்? ஒரு கோட்டு வேண்டும். டெய்லர் வேறு என்னத்தை யோசிப்பார்!

கருநீலத்தில் நல்ல துணி எடுத்து மேசையில் விரித்தார். தன் மார்பு முப்பத்தாறு. முடியாது என்று சொல்கிறவர் நெஞ்சை நிமிர்த்தி நிற்பாரே, அதனால் நாற்பத்திரண்டு வைத்தார். தோள் அகலம். வயிறு கொஞ்சம் முன்னால்; எதைப் பற்றியும் கவலைப்படாமல் சாப்பிடுகிறவருக்கு வயிறு இருக்கத்தானே செய்யும்? இடது தோளை மட்டும் ஒரு விரற்கடை தாழ்த்தி வெட்டினார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. நாடாவைத் தொடவே இல்லை, கை அதுபாட்டுக்கு ஓடியது. இவ்வளவு சுகமாக அவர் எந்தத் துணியையும் வெட்டியதில்லை.

தைத்து முடித்துப் போட்டுப் பார்த்தார். கோட்டுக்குள் டெய்லர் இருப்பதே தெரியவில்லை. பரவாயில்லை, அந்த ஆள் வரட்டும் என்று கடைப் பொம்மைக்கு மாட்டி, உள்ளே பஞ்சு அடைத்து, வாசலுக்கு முதுகு காட்டி நிறுத்தினார்.

இனிமேல்தான் கூத்து.

கிழிந்த கால்சட்டைக்காரர் இன்னொரு கிழிசலோடு வந்தார். வாயைத் திறந்தவர், அந்த அகன்ற முதுகைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"உள்ள யாரு?"

"சார்" என்றார் டெய்லர். வாயில் ஏன் அப்படி வந்தது என்று தெரியாது.

"எந்த சார்?"

"நம்ம சார்."

"இந்தக் கால்சட்டைக்கு என்ன சொல்றாருன்னு கேளுங்களேன்."

டெய்லர் பொம்மைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "சார் முடியாதுங்கறார்" என்றார்.

அந்த ஆள் கால்சட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "அதுவும் நியாயந்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பொம்மைக்குத் தலையில்லையே என்று அவர் கேட்கவில்லை. தலையில்லாத மேலதிகாரிகளிடம் வேலை பார்த்துப் பழகியவரோ என்னவோ.

டெய்லருக்கு ருசி கண்டுவிட்டது. அடுத்து மின்விசிறிக் கடைக்காரரிடம், "இத எடுத்துட்டுப் போகச் சொல்லி சார் சொல்லிட்டார்" என்றார். அவர் ஓடிவந்து மூன்றையும் தூக்கிக்கொண்டு, போகிறபோக்கில் கோட்டைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க சார், தெரியாமப் போச்சு" என்றார். நாளைக் காலைக் கல்யாணக்காரர்களுக்கு சார் முடியாதுன்னுட்டார். கடனுக்குத் தைக்கச் சொன்னவர்களுக்கு சார் முடியவே முடியாதுன்னுட்டார். தெருச் சங்கத்தில் கண்டிப்பான தலைவர் ஒருவர் தேவை என்று நாலு பேர் வந்து சாரைக் கேட்டார்கள். அதற்கும் சார் முடியாதுன்னுட்டார். "பதவிக்கு ஆசப்படாத மனுஷன், இந்தக் காலத்துல யாரு இருக்கா!" என்று அவர்கள் கைகூப்பிவிட்டுப் போனார்கள். கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர்கள், "சாரை அவசியம் கூட்டிட்டு வாங்க. வேலை இருந்தா நீங்க வராட்டியும் பரவாயில்ல" என்றார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. மாடியில் மட்டும் டிவி அலறிக்கொண்டிருந்தது. குளியலறையில் மகள் வாளிமேல் உட்கார்ந்திருந்தாள். தினமும் சாயங்காலம் டெய்லர் கோட்டைப் போட்டுப் பார்ப்பார். நேற்று எவ்வளவு தொளதொளத்ததோ அவ்வளவே இன்றும் தொளதொளக்கும். வரவேண்டியவர் வரவில்லை.

ஒண்ணாந்தேதிக்கு முந்தின நாள் மனைவி கடைக்கு இறங்கி வந்தாள். புருஷனைத் தாண்டிப் போய்க் கோட்டின் முன்னால் நின்றாள்.

"சார், வணக்கம். நீங்க ஒரே ஒரு தடவை மாடிக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லணும்."

டெய்லருக்குச் சுருக்கென்றது. கல்யாணம் ஆன நாளிலிருந்து தன்னிடம் அவள் இவ்வளவு மரியாதையாக எதையும் கேட்டதில்லை.

"அடியே, அது கோட்டு."

"தெரியும். ஊருக்கே முடியாதுங்குதே, உங்க அண்ணனுக்குச் சொல்லாதா? நீங்க ஆவீங்க ஆவீங்கன்னு காத்திருக்க எனக்கு நாள் இல்ல. பெட்டி கட்டி வாசல்ல வச்சிருக்கேன். தூக்குங்க."

டெய்லர் பொம்மையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு படியேறினார். எதிரே இறங்கி வந்த பக்கத்து வீட்டு அம்மா சுவரோடு ஒட்டி நின்று சாருக்கு வழிவிட்டார். மேலே வாசலில் பெட்டி இருந்தது. அதன்மேல் மகளின் புத்தகப் பையும் இருந்தது. அதைப் பார்த்ததும்தான் டெய்லருக்குப் புரிந்தது. மிரட்டல் இல்லை, நிஜமாகவே போகப்போகிறார்கள்.

பொம்மையை அறைக் கதவுக்கு நேரே நிறுத்தினார். குளியலறையிலிருந்து மகள் புத்தகத்தோடு வெளியே வந்து அம்மா பக்கத்தில் நின்றாள். டெய்லர் பொம்மைக்குப் பின்னால் நின்றார். மனைவி கதவைத் தட்டினாள். டிவி நின்றது. கதவு திறந்தது.

அண்ணன் வெளியே வந்தார். ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு கோட்டைப் பார்த்தார்.

"யாருக்குடா இது?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. சாரும் திறக்கவில்லை. அண்ணன் நேரே வந்து பொம்மையிலிருந்து கோட்டைக் கழற்றினார், பஞ்சை உதறிப் போட்டார், கையை நுழைத்தார், பொத்தானைப் போட்டார்.

வார்த்துவைத்த மாதிரி பொருந்தியது. மார்பு சரி, வயிறு சரி. சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்ததில் அண்ணனின் இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். அங்கேகூட ஒரு சுருக்கம் இல்லை.

"பரவால்லடா, அளவெடுக்காமலே தச்சிருக்கியே!" என்றார் அண்ணன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை தெரியும் அல்லவா? டெய்லர் கண்முன்னால் அந்தக் குரங்கு பொத்தான் போட்டுக்கொண்டு நின்றது. அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சின்ன வயதில் அண்ணனுக்கு மட்டும்தான் புதுச்சட்டை. அண்ணன் போட்டுப் பழசானதை இவர் உட்கார்ந்து, தானே பிரித்து, தன் உடம்புக்குப் பிடித்துத் தைத்துக்கொள்வார். தையல் படித்ததே அப்படித்தான். 'வேணாம்', 'முடியாது', 'எனக்குத்தான்' என்று வீட்டில் சொல்லக்கூடிய ஒரே ஆள் அண்ணன். யாராக ஆக வேண்டும் என்று அவ்வளவு யோசித்து, ஆசை ஆசையாக வெட்டி, இழை இழையாகத் தைத்தது இந்த மனிதரையா! அவருக்கு அவமானமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. அழலாம் போலவும் இருந்தது.

"கை மட்டும் துளி நீளம். பிடிச்சுக் குடுடா" என்று அண்ணன் கையை நீட்டினார்.

"ஆகட்டும்" என்று டெய்லர் சட்டைப் பையிலிருந்து குண்டூசி டப்பாவை எடுத்தார். மனைவி தலையில் அடித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினாள்.

டெய்லர் நாடாவை உருவினார்.

"ரெண்டு கையையும் விரிங்க. நேரா நில்லுங்க. அசையாதீங்க."

அண்ணன் கையை விரித்து நேராக நின்றார். அசையவில்லை.

மனைவி பெட்டியைக் கீழே வைத்தாள். டெய்லர் கையில் ஊசியோடு அண்ணனைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அண்ணன் இவர் சொல்லி எதையாவது செய்தார் என்றால் அது இதுதான். இந்த வார்த்தைகளைத்தான் வாழ்நாள் முழுக்க ஊரில் உள்ளவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம், ஒருத்தர்கூட மறுத்ததில்லையே என்று அவருக்குத் தோன்றியது. மடமடவென்று ஊசியைக் குத்த ஆரம்பித்தார். இரண்டு கையிலும் குத்தினார். அக்குளில் குத்தினார். பிடிக்க வேண்டிய அவசியமே இல்லாத முதுகிலும் குத்தினார். பிறகு எதிரே வந்து நின்றார்.

"அண்ணே, அந்த ரூம் புள்ளைக்கு வேணும். இன்னைக்கே காலி பண்ணிக் குடுங்க."

அண்ணன் வாயைத் திறந்தார்.

"பேசாதீங்க. நெஞ்சு அசைஞ்சா தையல் கோணிக்கும்."

"டேய், முடியா..."

"கைய எறக்காதீங்கன்னு சொன்னேன்ல!"

அண்ணன் இறக்கப்போன கையில் ஊசி குத்தியது. மறுபடி கையை விரித்துக்கொண்டார். இந்தக் கோலத்தில் 'முடியாது' என்று யாரால் சொல்ல முடியும்? அதற்குக் கையை இடுப்பிலாவது வைக்க வேண்டும். டெய்லர் அவசரப்படவில்லை. பின்னால் போய் நின்று, ஒரு மடிப்பைப் பிரித்து, மறுபடி அதே இடத்தில் குத்தினார். மகள் சிரிப்பை அடக்கப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். அண்ணனின் தோள் கொஞ்சம் கொஞ்சமாக நடுங்க ஆரம்பித்தது.

"நான் எங்கடா போவேன்?" என்று கடைசியில் மெதுவாகக் கேட்டார். "அவ கேட்டுக்கு நீலம் அடிச்சிட்டாடா. நான் வந்த மறுநாளே அடிச்சிட்டா."

அதை யாரிடமும் அவர் சொன்னதில்லை. டெய்லருக்கு மனசு இளகியது. பழைய ஆளாக இருந்தால் அந்த இடத்திலேயே ஆகட்டும் என்றிருப்பார். கூடத்தைப் பார்த்தார், மகளின் கால்விரலைப் பார்த்தார்.

"கடைக்கு வாங்க. பின்னால கட்டில் போட இடம் இருக்கு. பொம்மை நின்ன எடம் காலியாத்தான் கெடக்கு, பகல்ல அங்க நில்லுங்க."

"நின்னு?"

"வர்றவங்ககிட்ட முடியாதுன்னு சொல்லுங்க."

அண்ணன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வேலைக்கு அவரைவிடத் தகுதியானவர் யார் இருக்கிறார்? "சரி" என்றார். அந்த வார்த்தை அவர் வாய்க்குப் புதுச் செருப்பு; கொஞ்சம் கடித்திருக்கும். "இப்ப கைய எறக்கலாமாடா?"

"எறக்குங்க."

மறுநாளிலிருந்து சார் கடையில் நிஜமாகவே நின்றார். தெருவில் யாருக்கும் ஆச்சரியமில்லை. "சார் தலை வச்சதும் கொஞ்சம் கடுகடுன்னு ஆயிட்டார்" என்று கிழிந்த கால்சட்டைக்காரர் மட்டும் குறைபட்டுக்கொண்டார். டெய்லர் பழையபடி ஆகட்டும் ஆகட்டும் என்று வேலை பார்த்தார். கோட்டு அண்ணன் முதுகில் இருந்தது. டெய்லர் தனக்கென்று வேறு எதுவும் தைத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் சாயங்காலம் மாடிக்கு வந்தவர் பகலில் அறைக்குள் போட்டுவைத்திருந்த தன் தலையணையை எடுக்கப் போனார். கதவு சாத்தியிருந்தது. தட்டினார்.

"யாரு?" என்றாள் மகள்.

"அப்பாம்மா. தலகாணிய எடுத்துக்கட்டுமா?"

"முடியாதுப்பா. படிச்சிட்டிருக்கேன். அப்புறம் வாங்க."

உள்ளே தாழ்ப்பாள் இன்னும் கொஞ்சம் அழுத்தி விழுகிற சத்தம் கேட்டது. டெய்லர் சமையலறைக்கு ஓடினார்.

"கேட்டியா? முடியாதுன்னுட்டா! என்னையே முடியாதுன்னுட்டா!"

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றாள் மனைவி. அவர் கண்ணில் நீர் தளும்புவதைப் பார்த்துவிட்டுக் கூடத்தில் கிடந்த தன் தலையணையை எடுத்து நீட்டினாள். "அதுக்கு ஏன் இந்தக் கத்து கத்துறீங்க? மெதுவாப் பேசுங்க, புள்ளை படிக்குது."